காணியாட்சி தேடிய எல்லிஸ் துரை

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலுக்கு வருவோரிற் பெரும்பாலார் குடவோலைக் கல்வெட்டைக் காணவே வருகின்றனர். முதற் பராந்தக சோழரது 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது கி. பி. 919, 921-ஆம் ஆண்டுகளில், அவ்வூர்ச் சபையார் பொறித்து வைத்த தீர்மானங்கள் அவை. முப்பது குடும்புகளிலும் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாச் சிறுவனைக்கொண்டு எடுப்பித்த முறையைப் பலரும் வியந்து பேசுவர். ஆயின், அங்ஙனம் தேர்ந்தெடுக்கப்பட்டோர் செய்த வேலை யாது என்று வினவுவார் சிலரே. பன்னிருவர் தோட்ட வாரியஞ் செய்தனர். அறுவர் ஏரி வாரியஞ் செய்தனர். வயிரமேகத் தடாகம் என்னும் பேரேரியிற் சேறு தூர்வாருதற்கென்று விடப்பட்ட அறங்களும் அவ்வூர்க் கல்வெட்டுகளிற் காணப்படுகின்றன. வாரியத்துக்கு நிற்பவன் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவனாதல் வேண்டும். தன் மனையில் வீடு கட்டியிருத்தல் வேண்டும். வேதப் பயிற்சி உடையவனாதல் வேண்டும். முன்னர் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவனும் அவன் சுற்றத்தாரும் ஆகார். ஆராய்ந்து பார்ப்பின், இது தேர்தற் சட்டம் மட்டுமன்று. நீரையும் நிலத்தையும் யார் ஆள்வது என்னும் வேளாண்மைச் சட்டமுமாம்.

இத்தகைய சட்டம் நம் நாட்டில் ஒரு நூலாக எழுதப்பட்டு ஓரிடத்திற் கிடந்ததன்று. கல்லிலும் செப்பேட்டிலும் கிரய ஓலையிலும் கணக்கர் ஏட்டிலும், களத்துமேட்டில் நெல் அளப்போர் வாயிலுமாகச் சிதறிக் கிடந்தது. தொண்டைமண்டலத்தில் அதனைத் தேடித் திரட்டி, இதுவே இந்நாட்டார் நிலவுரிமை என்று அரசாங்கத்தார் முன் வைத்தவருள் தலைசிறந்தவர் ஓர் ஆங்கிலேயர். அவரே பிரான்சிஸ் வைட் எல்லிஸ் என்பார். தமிழ் மாணவராகிய நாம் அவரைத் திருக்குறளை மொழிபெயர்த்தவராகவும், கால்டுவெல் ஐயருக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே தென்னாட்டு மொழிகள் ஓரினத்தன என்று காட்டியவராகவும் அறிவோம். தேர்வுக்கு அவ்வளவு போதும். ஆயினும் அவர் உண்ட சோறு ரெவினியூ உத்தியோகத்தால் வந்தது. அவர் வாழ்நாளில் முடித்து அச்சேற்றிய நூல்களிற் பெரியதும் நிலத்தைப் பற்றியதே. அப்பகுதியையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

எல்லிஸ் 1777-ஆம் ஆண்டிற் பிறந்தார். 1796-ல் கும்பினியாரின் எழுத்தர் வேலை பெற்றுச் சென்னைக்கு உரியவரானார். அப்பொழுது அவருக்கு ஏறத்தாழப் பத்தொன்பது வயது. இக்கட்டுரை எழுதும் எமக்கும் அவ்வயதே. அவ்வயதில் ஒருவர் கடல் கடந்து வந்து, முன்பின் அறியாத மக்களின் வரிக்கணக்கைப் பார்க்கப் பணிக்கப்படுதல் பெருஞ்சுமையே என்று தோன்றுகிறது. 1798 முதல் நான்காண்டுகள் ரெவினியூ போர்டு அலுவலகத்திலே படிப்படியாக உயர்ந்து காரியதரிசியானார். 1806-ல் மசூலிப்பட்டினத்தில் நீதிபதி; 1809-ல் நிலச்சுங்கக் கலெக்டர்; 1810-ல் சென்னைக் கலெக்டர். இறக்குங்காறும் அப்பதவியிலேயே இருந்தார்.

அவர் போர்டு அலுவலகத்தில் அமர்ந்த காலம் செங்கற்பட்டுச் சீமையின் தலைவிதி எழுதப்பட்ட காலமாகும். உத்திரமேரூர், காஞ்சிபுரம் முதலிய ஊர்களை உள்ளிட்ட அந்நிலப்பரப்பை ஆர்க்காட்டு நவாபு 1763-ல் கும்பினியாருக்கு ஜாகீராக அளித்தார். 1767 முதல் 1774 வரை பார்னார்டு என்பவர் அதனை ஊர் ஊராக அளந்தார். 1780-ல் ஐதர் அலியின் படை புகுந்தது, ஊர்கள் பாழாயின, ஏரிகள் உடைந்தன. 1794 முதல் 1798 வரை கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் என்பார் ஏரிகளைச் செப்பனிடுவித்தார். வரியை மறுத்து நின்ற மிராசுதார் சிலரை நிலத்தினின்று நீக்கி, வேறு குடிகளை அதில் வைத்தார். 1799-ல் அவர் எழுதிய நீண்ட அறிக்கையில் மிராசு என்னும் சொல் பலகாலும் வருகின்றது. அந்த மிராசு யாது? அஃது அரசன் கொடுத்த சலுகையா, குடிகளின் சொந்தச் சொத்தா? அரசனே நிலத்துக்கெல்லாம் உடையவன், குடிகள் அவன் தயவால் உழுபவர் என்று நம்பிய அதிகாரிகள் பலர் இருந்தனர். அந்நம்பிக்கையின் மேலேயே 1802-ல் ஜாகீர் முழுதும் மிட்டாக்களாகப் பிரித்து ஏலம் விடப்பட்டது. அவ்வேற்பாடு நீடித்து நிலைக்கவில்லை. ஏலம் எடுத்தவன் ஊருக்கு வந்து பார்த்தால், அங்கே முன்னரே நூற்றாண்டுகளாகத் தம்மை உடையவரென்று சொல்லிக்கொள்வோர் ஓலைக்கட்டுடன் இருந்தனர்.

எல்லிஸின் மனம் இந்த ஓலைக்கட்டிலே சென்று பற்றியது. ஒரு நாட்டின் நிலச்சட்டத்தை அறிய வேண்டுவோன் முதலில் அந்நாட்டு மொழியை அறிதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. இன்று இஃது எளிய உண்மையாகத் தோன்றும். அன்று அங்ஙனம் தோன்றவில்லை. துபாஷி சொல்வதைக் கேட்டுக் கையொப்பமிடுதலே வழக்கமாயிருந்தது. புதிதாக வரும் இளைஞரைத் தென்னாட்டு மொழிகளிற் பயிற்றுதற்கென்று 1812-ல் கோட்டையைச் சார்ந்த சென்னைக் கல்விச் சங்கம் நிறுவப்பட்டபொழுது, அதனை நடத்திய குழுவுக்கு எல்லிஸ் தலைவராய் விளங்கினார். அங்கே மொழியேயன்றிச் சட்டமும் கற்பிக்கப்பட்டது. பட்டாபிராம சாஸ்திரியார், சிதம்பர வாத்தியார் முதலிய புலவர்கள் அங்கிருந்தனர். புதுச்சேரி முத்துசாமிப் பிள்ளையை 1816-ல் தென்னாடு அனுப்பி, வீரமாமுனிவரின் சுவடிகளைத் தேடுவித்தவரும் எல்லிஸே. அவ்வாண்டிலேயே காம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்துக்கு அவர் சேர்த்த குறிப்பில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் வடமொழியிற் பிறந்தனவல்ல என்னும் முடிபு சான்றுகளுடன் அச்சேறியது. சொல்லின் வேரைத் தேடிய அதே கண்தான் நிலவுரிமையின் வேரையும் தேடிற்று என்பது எம் துணிபு. இரண்டிலும் அவர் செய்தது ஒன்றே: மேலிருந்து வந்த கோட்பாட்டை நம்பாமல், கீழே கிடந்த சான்றை எடுத்துப் பார்த்தல்.

மிராசுரிமை குறித்துச் சென்னை அரசாங்கத்தார் பதினேழு வினாக்கள் விடுத்தனர். எல்லிஸ் 1816-ல் விடை எழுதினார்; 1818-ல் இரு பின்னிணைப்புகளுடன் அது சென்னையில் அச்சிடப்பட்டது. அவருடைய சிரஸ்தேதாராயிருந்த சங்கரையா என்பாரும் தனியே விடை எழுதினார். அதுவும் அந்நூலில் இடம் பெற்றது. ஒரு கலெக்டர் தம் கீழ் வேலை செய்தவரின் எழுத்தைத் தம் எழுத்தோடு சேர்த்து அச்சிட்டமை அக்காலத்துக்கு அரிய செயல். மறைத்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அந்நூல் சொல்லும் பொருளை இயன்றவரை சுருக்கி உரைப்போம். மிராசு என்பது அரபுச் சொல். வழிவழி வருவது என்பது அதன் பொருள். அதற்குத் தமிழர் வழங்கிய பழம்பெயர் காணியாட்சி. ஆதொண்டச் சக்கரவர்த்தி குறும்பரை வென்று தொண்டைமண்டலத்தில் வேளாளரைக் குடியேற்றினான் என்னும் பழங்கதையையும் எல்லிஸ் குறித்துக்கொள்கிறார். ஊரின் நிலம் இத்தனை பங்கு என்று வகுக்கப்பட்டிருக்கும். சில ஊர்களிற் பங்காளிகள் நிலத்தைப் பொதுவில் வைத்து, ஆண்டுகள் சில கழிந்தபின் மறுபடியும் தமக்குள் மாற்றிக்கொள்வர். இது பசுங்கரை எனப்படும். வேறு சில ஊர்களில் ஒருமுறை பிரித்ததே நிலையாக நிற்கும், இஃது அறுதிக்கரை. நல்ல மடையடி நிலம் என்றும் ஒருவனுக்கே போய்விடாமல் காப்பது முன்னது. தான் எருவிட்ட மண் தன் மகனுக்கே எஞ்சும் என்று உறுதி தருவது பின்னது. இவ்விரண்டில் எது மேல் என்பதைப் பற்றி எம் விடுதியில் ஓரிரவு முழுதும் வழக்காடினோம், முடிவு ஏற்படவில்லை.

களத்தில் நெல் குவிந்தவுடன் அரசனும் குடியும் பங்கிடுவதில்லை. முதலிற் சுதந்தரங்கள் போகும்: தச்சன், கருமான், வண்ணான், அம்பட்டன், கணக்கன், வெட்டியான், கோயில் என்று ஒவ்வோர் இடத்துக்கும் அளந்த நெல் உண்டு. எஞ்சியதே மேல்வாரம், குடிவாரம் என்று பிரியும். மிராசுதாருக்கு இறையில்லா மானியமும், பிறர் உழும் நிலத்திலிருந்து ஒரு சிறு பங்கும் உண்டு. பிறர் என்போரிலும் இரு வகையினர். ஊரிலேயே தலைமுறையாக இருந்து உழும் உள்குடியை, வாரம் ஒழுங்காகக் கொடுக்கும்வரை, எழுப்புதல் இயலாது. அயலூரிலிருந்து வந்து ஒப்பந்தப்படி உழும் புறக்குடி, காலம் முடிந்தால் போகவேண்டியவன். பிற்காலத்தில் 1955-ஆம் ஆண்டுச் சாகுபடியாளர் பாதுகாப்புச் சட்டம் யாரை நிலத்தினின்று எழுப்பலாகாது என்று வகுத்தபொழுது எழுந்த கேள்விகளிற் பல, 1816-ல் எல்லிஸ் தாளிலேயே இருந்தன.

இவற்றையெல்லாம் அவர் வெறும் வாய்ச்சொல்லாக எழுதிவிடவில்லை. கிரய சாசனங்களைத் தேடி எடுத்துப் படித்தார். நிலத்தோடு நிதி, நிட்சேபம், சலம், பாடாணம் என்று புதையலும் நீரும் கல்லும் கைம்மாறுவதாக எழுதும் பழைய வாய்பாட்டை அச்சாசனங்களிற் காணலாம். அரசனுக்கே நிலம் முழுதும் சொந்தமாயின், குடி ஒருவன் இன்னொருவனுக்கு மண்ணின் அடியிலுள்ள புதையலையும் சேர்த்து எங்ஙனம் விற்றான்? எல்லிஸின் வாதத்தின் வலிமை இதிலே இருக்கிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் அவர் காலத்தில் அச்சேறியிருந்தால் அவருக்கு எத்துணை உதவியாயிருந்திருக்கும்! அவர் மறைந்து ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே வெங்கையா அவர்களால் அவை அறிஞருலகுக்குத் தெரியவந்தன.

இனி, நூலில் எம்மைத் தடுத்து நிறுத்திய இடத்தைச் சொல்லல் வேண்டும். அடிமைகளைப் பற்றிய பகுதி அது. தொண்டைமண்டலத்து வேளாளர்க்கு அடிமைகளாயிருந்தோர் பறையர் என்றும், சோழநாட்டிற் பள்ளர் என்றும், அவர்கள் நிலத்தோடு சேர்ந்தவர்கள் என்றும் அங்கே காணப்படுகிறது. ஏனைய பகுதிகளை எழுதிய அதே அமைதியான நடையிலேயே அதுவும் எழுதப்பட்டிருக்கிறது. உழுதவன், நட்டவள், ஏரிக்கரையை அடைத்தவன், களத்திற் போரடித்தவன் ஆகிய இவர்கள் அந்நூலில் உரிமையுடையோர் வரிசையில் இல்லை. உரிமையின் உட்பொருளாக, மரமும் கிணறும்போல, எண்ணப்படுகிறார்கள். யாம் பிறந்த தெரு உத்திரமேரூருக்கு அணித்தான ஒரு சிற்றூரில் ஏரிக்கு அப்பால் உள்ளது. எம் முன்னோரை அந்நூலில் எங்கே தேடவேண்டும் என்பதை யாம் அறிந்து படித்தமையால், அவ்விடத்தில் நூலை மூடிவைத்துவிட்டு ஒரு நாள் கழித்தே மீண்டும் திறந்தோம்.

எல்லிஸைக் குறை கூறுவது எம் நோக்கமன்று. வழக்கம் யாதென்று கேட்டார், வழக்கத்தை எழுதினார். ஆயின் யாரைக் கேட்டார் என்பதே கேள்வி. ஓலை வைத்திருந்தவரைக் கேட்டார். ஓலை இல்லாதவர் வாய்மொழி அவருக்குச் சான்றாக வரவில்லை. கும்பினியாரின் பேராசைக்கு எதிரே குடிகளின் சொத்துரிமையை நிலைநாட்டிய அந்நூல், அக்குடிகளுக்குக் கீழே இருந்தவர்க்கு எதிரேயும் அதே உரிமையை நிலைநாட்டிற்று. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விடுவது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது.

1818-ல் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தது. எல்லிஸ் நகரிற் பல இடங்களிற் கிணறு தோண்டுவித்தார். இராயப்பேட்டையில் ஒரு கிணற்றருகே தமிழ்ச் செய்யுளாற் பொறித்த கல்லில், நீரையும் நாட்டுக்கு உறுப்பாகக் கூறும் குறளை எடுத்தாண்டார். நீரைப் பற்றிய ஆணை எதுவும் அந்நாட்டார் மொழியிலேயே இருத்தல் வேண்டும் என்று அவர் கருதினார் போலும்.

நாற்பது வயது நிரம்புமுன் பெருநூல் எதனையும் வெளியிடுவதில்லை என்று அவர் உறுதி பூண்டிருந்தாராம். மிராசு நூல் அச்சானபொழுது அவருக்கு வயது நாற்பத்தொன்று. திருக்குறள் அறத்துப்பால் மொழிபெயர்ப்பும் விரிவுரையும் அச்சில் ஏறிக்கொண்டிருந்தன. அடுத்த ஆண்டு, 1819 மார்ச்சுத் திங்களில், தென்னாட்டிற் பயணஞ் செய்யும்பொழுது இராமநாதபுரத்தில் திடீரென்று இறந்தார். குறள் நூல் இடையிலே நின்றது.

அதன்பின் நிகழ்ந்ததை எழுதக் கை கூசுகிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவர் திரட்டிய தாள்கள் பல கேட்பாரற்றுப் போயின. அவற்றுள் ஒரு பகுதி மதுரையில் ஓர் உத்தியோகஸ்தர் இல்லத்திற் கிடந்து, சமையற்காரனுக்கு அடுப்பு மூட்டவும் கோழி வாட்டவும் பயன்பட்டது என்று பின்னாளில் வால்டர் எலியட் கேட்டறிந்து எழுதினார். எஞ்சிய சிலவற்றை எலியட் காப்பாற்றிப் போப்பையருக்கு அளிக்க, அவை ஆக்ஸ்போர்டு நூல்நிலையம் சேர்ந்தன. எல்லிஸின் காலத்தவரான கர்னல் மெக்கன்சி 1821-ல் இறந்தபொழுது, அவருடைய சுவடிகளைக் கும்பினியார் விலை கொடுத்து வாங்கினர். இன்றும் சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் அவற்றுட் பல உள்ளன. ஒருவர் தேடியது நூலகம் புகுந்தது. மற்றொருவர் தேடியது அடுப்பிற் புகுந்தது. தொண்டைமண்டலத்துக் கிரய ஓலைகளின் படிகள் எத்தனை அந்த அடுப்பில் எரிந்தனவோ!

அச்சான நூல் மட்டும் எரியவில்லை. 1852-ல் பிரௌன் துரை மிராசு பற்றிய மூன்று நூல்களை ஒருங்கே மறுபதிப்புச் செய்தபொழுது அதனை முதலில் வைத்தார். 1862-ல் பெய்லியும் ஹடில்ஸ்டனும் அரசாங்கப் பதிவேடுகளிலிருந்து மிராசு பற்றிய கடிதங்களைத் தொகுத்து வெளியிட்டனர். இதற்கிடையில் 1843-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அடிமைத்தனம் நீங்கிற்று. ஆயினும் நிலம் கைம்மாறவில்லை. தரிசு நிலம் வேண்டிச் சேரியான் ஒருவன் தர்க்காஸ்து கொடுத்தால், மிராசுதார் எனக்கே முன்னுரிமை என்று தடுப்பார். சேரியின் மனைக்கட்டே மிராசு நிலத்தில் இருந்தமையால், குரல் உயர்த்தினவன் குடிசையும் போகும். 1891-ல் செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் இந்நிலைமையை ஆராய்ந்து பறையரைப் பற்றிய தம் அறிக்கையை எழுதினார். எல்லிஸ் எந்த உரிமையைத் தேடி நிலைநாட்டினாரோ, அவ்வுரிமை எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதே அங்கு வழக்காயிற்று. இம்முறை கலெக்டர் சேரிக்கும் சென்று கேட்டார். அதன் பயனாக 1892-ல் ஒடுக்கப்பட்டோர்க்கென நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பத்தாண்டு விற்கலாகாது, அதன்பின்னும் அவ்வகுப்பாருக்கேயன்றிப் பிறருக்கு விற்கலாகாது என்னும் நிபந்தனையுடன் வழங்கப்பட்ட அந்நிலங்களே பஞ்சமி நிலம் எனப்படுவன. அவற்றிற் பல இன்று யார் கையில் உள்ளன என்பது இன்னும் தீராத வழக்கு. அவ்வழக்காடுவோர் தேடி அலைவதும் பழைய தாள்களையே. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ரெவினியூ போர்டு நடவடிக்கைகள் அடுக்கடுக்காக உள்ளன.

சென்ற கோடை விடுமுறையில் எம் ஊரிலே மிராசுக் குடும்பத்துப் பெரியவர் ஒருவரிடம் பழைய ஓலைகள் உண்டென்று கேள்வியுற்றுச் சென்றோம். திண்ணையில் அமரச் செய்தார், தம்பி எந்தக் காலேஜ் என்று விசாரித்தார், மோர் தருவித்தார். எம் தந்தையார் காலத்தில் எம் தெருவார் அத்திண்ணையில் ஏறியதில்லை என்பதை அவரும் அறிவார், யாமும் அறிவோம். இருவரும் அதைப் பேசவில்லை. பெட்டியைத் திறந்து ஒரு கிரய ஓலையை எடுத்துக் கொடுத்தார். எழுத்து தேய்ந்திருந்தது. எல்லிஸ் நூலைப் படித்திருந்தமையால் பங்கு, கரை, சுதந்தரம் என்னும் சொற்களை எளிதிற் கண்டுகொண்டோம். அவர் உடனிருந்து படிக்க முயன்று, இத்தனை நாள் தமக்கே விளங்காதிருந்தது என்று மகிழ்ந்தார். பின்னர் நான்கெல்லை வரும் இடத்தை அடைந்தோம். வடக்கு ஏரிக்கரை, தெற்கு வாய்க்கால், மேற்கு கோயில் மானியம், கிழக்குச் சேரி. எம் தெரு அவ்வோலையில் அந்த ஓரிடத்திலே மட்டும் வருகிறது. அதனைப் படியெடுத்துக்கொள்ள அனுமதி கேட்டோம்; பெரியவர் தாமே ஓலையைப் பிடித்துக்கொள்ள, யாம் நான்கெல்லையும் விடாமல் முழுதும் எழுதிக்கொண்டோம்.